கண்ணும் காதும் வாயும் வரைந்தவள்

"பொம்பளப்பிள்ளைக்கு என்னத்த ஆராய்ச்சி? சோத்துப்பானைக்குள்ள கைய விட்டுத் துழாவிப் பாக்கதுக்கா?"

எங்கள் ஊர் உபதேசியார் இதைச் சொன்னபோது அப்பா மாடுகளுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா இருமினாள். அந்த இருமலுக்கு எங்கள் வீட்டில் பொருள் உண்டு. மூடிக்கொண்டேன்.

அன்று வந்த கோபத்தில்தான் கல்லூரியில் எழுதவேண்டிய கட்டுரைக்கு விஷயத்தை முடிவு செய்தேன். சோற்றுப்பானை என்றால் சோற்றுப்பானைதான். பிடியரிசியைப் பற்றி எழுதுவது என்று.

எங்கள் கிறிஸ்தவ சபைகளில் பிடியரிசி தெரியாதவர் இல்லை. உலையில் அரிசி போடும்போதெல்லாம் வீட்டுக்காரி ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு கலயத்தில் போட்டு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அதை ஓலைப்பெட்டியில் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாகப் படைப்பாள். அப்படிச் சேர்ந்த அரிசியை விற்றுத்தான் எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஓடு போட்டார்கள். நான் எழுத்துப் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வாங்கினார்கள். கொட்டாரம் சந்தைக்கு வண்டி ஓட்டுகிறவர் என் அப்பா. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள் அம்மா. இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர்கள் மகள் திருவனந்தபுரத்தில் பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறாள் என்றால் அதற்குப் பின்னால் அந்தப் பிடிகள் இருக்கின்றன. இதை எழுத என்னைவிட உரிமை உள்ளவர்கள் யார் என்று நினைத்தேன்.

எங்கள் சரித்திர ஆசிரியை, வகுப்பில் ஒவ்வொருவரும் தன் ஊரைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார். பங்குனி முதல் வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதில் சிறந்ததை எழுதுகிறவளைச் சென்னையில் எம்.ஏ. படிக்கப் பரிந்துரைப்பார். ஒருத்தியை மட்டும். எனக்கு அந்தப் பரிந்துரை வேண்டும். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு என்னை வைத்துக்கொள்ளும்படி உபதேசியார் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். உதவி செய்ததாக அவர் நினைப்பு.

அவளைப் பற்றிச் சொல்ல வந்தேன். என்னைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் பக்கத்தில் இருந்தால் இதற்குள் குறுக்கிட்டிருப்பாள்.

அவள் தேங்காய்ப்பட்டணத்துக்காரி. எங்கள் விடுதியில் முஸ்லிம் வீட்டுப் பெண் அவள் ஒருத்திதான். ஒல்லியான உடம்பு. தலையிலிருந்து முக்காடு சதா நழுவும். அதை ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டே மறு கையால் எழுதுவாள். சிவப்புப் பென்சில் ஒன்று வைத்திருந்தாள். விரல் நீளத்துக்குத் தேய்ந்த பிறகும் அதை விடவில்லை. விடுதியில் மாம்பழக் கூடை வந்தால் நாங்கள் மேலே இருக்கிற பழத்தை எடுப்போம். அவள் கையை அடிவரைக்கும் விட்டு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். அவளுடைய வாப்பா கொப்பரை வியாபாரி. மூட்டையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்க்காமல் விலை பேசமாட்டாராம். "மேல எல்லாம் நல்ல கொப்பரையாத்தான் இருக்கும். பூசணம் அடியிலயாக்கும்" என்பாள். அவள் என்னிடம் சொன்ன குடும்பக் கதை அது ஒன்றுதான்.

அவளோடு பேசுவது லேசான காரியம் இல்லை. எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்.

"நீ கண்டியா, கேட்டியா?"

பரீட்சையில் எனக்கு முதல் வகுப்பு வந்திருக்கிறது என்று தோழி ஒருத்தி ஓடி வந்து சொன்னாள். விடுதியே என்னைச் சூழ்ந்துகொண்டது. அவள் மட்டும் கட்டிலில் உட்கார்ந்தபடி, "பலகையில ஒனக்க நம்பரு கண்டியா?" என்று கேட்டாள். "இவ கண்டாளாம்" என்றேன். "அப்போ நீ கேட்டது. போய்க் கண்டுட்டு வா. நான் மிட்டாய் வாங்கித் தாறேன்." முதல் வகுப்புதான் வந்திருந்தது. மிட்டாயும் வாங்கித் தந்தாள். ஆனால் அந்த முதல் நிமிஷத்துச் சந்தோஷத்தை அவள் எடுத்துக்கொண்டதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

விடுதிக் கிணற்றில் முன்பு ஒருத்தி விழுந்து செத்தாள் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தி சாய்ந்தால் யாரும் தண்ணீர் எடுக்கப் போவதில்லை. இவள் ஒரு மத்தியானம் முழுக்க ஒவ்வோர் அறையாக ஏறி இறங்கினாள். உனக்கு யார் சொன்னது? அவளுக்கு யார் சொன்னது? ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டினாள். அவள் சமையற்காரியைக் காட்டினாள். சமையற்காரி முதல் வருஷத்துப் பெண் ஒருத்தியைக் காட்டினாள். அந்தப் பெண் மிரண்டுபோய், இவள் முதலில் விசாரித்தவளையே கைகாட்டி, "அக்கா நீங்கதான சொன்னீங்க!" என்றாள். சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றது கதை. அன்று அந்தியில் அவள் போய் நிதானமாக இரண்டு வாளி இறைத்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நாங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தோம்.

"இவளைக் கட்டப்போறவன் பாடு கஷ்டம்தான்" என்றார் விடுதித் தலைவி.

"எவன்? கண்டியளா?" என்றாள் அவள், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

என் கட்டுரையின் முதல் படியை அவளிடம் கொடுத்தது நானாகத்தான். பாராட்டுவாள் என்று நினைத்தேன். எங்கள் கட்டுரைகள் எல்லாம் இங்கிலீஷில்தான். என் இங்கிலீஷ் நன்றாக இருக்கும் என்று ஆசிரியையே சொல்லியிருக்கிறார். 'திருவிதாங்கூர்த் திருச்சபைகளும் பிடியரிசியும்' என்று பொருள்படத் தலைப்புக் கொடுத்து, முத்து முத்தாக எழுதி, நூல் கோத்துக் கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் அது என் கட்டிலில் கிடந்தது. ஓரம் முழுக்கச் சிவப்புப் பென்சிலில் படங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் ஒன்று. சில இடத்தில் ஒரு கண். சில இடத்தில் ஒரு காது. மற்ற எல்லா இடத்திலும் பிளந்த வாய். பக்கம் பக்கமாக வாய்.

"இது என்னட்டி கோலம்?"

"நீ கண்டத எழுதின எடத்துல கண்ணு. கேட்டத எழுதின எடத்துல காது. ரெண்டும் இல்லாததுக்கு வாயி. வெறுதே பேசுகது."

"'ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி'ன்னு எழுதினதுக்கு எதுக்கு வாய்? எங்க சபையில எல்லாருக்கும் தெரிஞ்ச காரியம். நீ எங்க சபையா? ஒனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அதான் கேக்கேன். எல்லாரும்னா ஆரு? ஒருத்திக்க பேரு சொல்லு."

"எனக்க அம்மா."

அவள் அந்த வாயை ரப்பரால் அழித்துவிட்டு ஒரு கண்ணை வரைந்தாள். அதன் கீழே 'ஒரு வீடு' என்று எழுதினாள்.

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. மேஜையிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து அவள் முன்னால் போட்டேன். மூன்றும் வெள்ளைக்காரப் பாதிரிமார் வெவ்வேறு காலத்தில் எழுதியவை. மூன்றிலும் பிடியரிசியைப் பற்றி இருக்கிறது. மூன்றிலும் ஒரே செய்தி. மூன்று சாட்சி போதாதா?

அவள் மூன்றையும் தூக்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து மூன்றையும் விரித்து வரிசையாக வைத்தாள். முதல் புத்தகத்தில் ஓர் ஏழைக் கிழவி கண்ணீரோடு தன் பிடியரிசியைக் கொண்டு வருகிறாள். அடுத்ததிலும் அதே கிழவி, அதே கண்ணீர். மூன்றாவதிலும்.

"மூணு துரைமாருக்கும் முன்னால வந்து ஒரே கெழவியா அழுதா? மொத ஆளு கண்டாரோ என்னமோ. மத்த ரெண்டு பேரும் அவருக்க புஸ்தகத்தப் பாத்து எழுதினது. ஏட்டி, இது மூணு சாட்சி இல்ல. ஒரு சாட்சி மூணு சட்ட போட்டிருக்கு."

அன்று நான் அவளோடு சாப்பிட உட்காரவில்லை.

ஓண விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அவள் வாயை அடைத்தே தீருவது என்று போனேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் பெட்டிகளோடு நிற்கும்போது ஒருத்தி விடாமல் கேட்டேன். எத்தனை நாள் எடுக்கிறீர்கள், எந்த உலைக்கு எடுக்கிறீர்கள்? எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். ஒவ்வொரு உலைக்கும். தவறுவதே இல்லை. எழுதிக்கொண்டு திரும்பி வந்து, பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் அவளிடம் நீட்டினேன்.

அவள் படித்தாள். "நீ எங்க வச்சு கேட்டா?"

"கோயில்ல."

"பக்கத்துல ஆரு நின்னா?"

"உபதேசியாருக்க பொஞ்சாதி. அவங்கதான் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தித் தந்தாங்க."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். முக்காடு நழுவி விழுந்தது. "அந்த அம்மைக்க முன்ன நிண்ணு எந்தப் பொம்பள 'நான் எடுக்கல'ன்னு சொல்லுவா? பின்ன, இது எந்த மாசம்?"

"ஆவணி."

"அறுப்பு முடிஞ்ச மாசம். எல்லா வீட்டுலயும் நெல்லு கெடக்கும். நெல்லு இல்லாத மாசத்துல?"

எழுதிக்கொண்டு வந்த தாள்களைப் புரட்டினேன்.

"சரி. பெட்டியில அரிசி எப்பிடி இருந்தது? ஒரே மாதிரியா, கலந்தா?"

"அரிசி அரிசி மாதிரிதான் இருந்தது!"

"ஓரோ நாளும் ஓரோ பிடி எடுத்தா நெறம் கலந்து கெடக்கும். இன்னைக்கு கூலி நெல்லு, நாளைக்கு கடையரிசி, ஒரு நாளு செவப்பு, ஒரு நாளு வெள்ள. ஞாயித்துக்கெழம காலத்த குதிர்ல இருந்து ஒரே அள்ளா அள்ளினா ஒரே நெறமா இருக்கும். வாய் பொய் சொல்லும். அரிசி சொல்லுமா? நீ பெட்டிக்க பக்கத்துல நிண்ணியே, குனிஞ்சு பாத்தியா?"

பிறந்ததிலிருந்து அந்தப் பெட்டிகளைப் பார்த்தவள் நான். அரிசியையே தன் வாழ்நாளில் கோயிலில் படைத்திராத ஒருத்தி, தேங்காய்ப்பட்டணத்தில் உட்கார்ந்து கொப்பரை மூட்டையைப் பார்த்து வளர்ந்தவள், எனக்கு அரிசியைப் பற்றிச் சொல்கிறாள். கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று இருந்தது. கிழிக்கவில்லை. ஆனால் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. அவள் அதைக் கவனித்தாளா என்பதும் தெரியாது.

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. மார்கழி. வயலில் மாசியில் அறுக்கவேண்டிய கும்பப்பூ நெற்பயிர் பச்சையாக நின்றது. எங்கள் வீட்டில் நெல் இல்லை. காலையும் மரச்சீனிக் கிழங்கு, இரவும் மரச்சீனிக் கிழங்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தேன். ஓட்டு வீட்டு அம்மாளின் பெட்டியில் ஒரே அள்ளாக அள்ளிய சம்பா. ஒன்றிரண்டு பெட்டிகளில் நிறம் நிறமாகக் கலந்து கிடந்தது. உண்மையிலேயே தினம் ஒரு பிடி எடுத்தவர்கள். பிறகு அம்மாவின் பெட்டி. அதில் சுத்தமான வெள்ளை அரிசி.

அந்த வாரம் எங்கள் வீட்டில் அரிசி என்று ஒன்று இல்லை. இது எங்கிருந்து வந்தது?

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் கேட்டேன். அவள் நடையைக் கூட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏட்டி, காலேசுல படிச்சது காணாதா? எனக்க அடுப்பையும் படிக்கணுமா?" என்றாள் அம்மா. "சும்ம இருக்கேன்" என்றேன். கிழங்கு வெந்தது. அவள் வடித்தாள். வெயில் இறங்கியபோது ஒரு சின்ன வெண்கலக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். வேலி ஓரத்தில் நின்றாள். கூப்பிடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. கிண்ணத்தை வாங்கியது. கொஞ்ச நேரத்தில் திரும்பக் கொடுத்தது. கிண்ணம் நிறைய வெள்ளை அரிசி.

"நாளைக்கு ஒங்களுக்கு கோயிலு உண்டும்லா மைனி" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

அந்த வீட்டுக்காரர்கள் எங்கள் சொந்தம். எங்கள் தாத்தா சபையில் சேர்ந்தபோது அவருடைய தம்பி சேரவில்லை. அவர்கள் வீட்டு முற்றத்தில் இன்றும் மாடனுக்கு விளக்கு வைக்கிறார்கள். எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை படைத்த அரிசி சனிக்கிழமை மாடன் விளக்கு எரியும் வீட்டிலிருந்து வந்திருக்கிறது. ஒரு வாரமா, ஒரு வருஷமா? எத்தனை வீடுகளில்? என்னையே அம்மா சின்ன வயதில் அந்த வேலிக்கு அனுப்பியிருக்கிறாள். கிண்ணம் ஞாபகம் இருக்கிறது. அது எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை.

மீதி விடுமுறையில் ஒவ்வோர் அடுப்படியாகப் போய் உட்கார்ந்தேன். களை பறித்துவிட்டு வந்த பெண்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு சிரித்தார்கள். "கோயில்ல வச்சுக் கேட்டா, கோயிலுக்கு உள்ள பதிலு. அடுப்புக்கிட்ட வந்து கேட்டா இதாக்கும் பதிலு" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். எங்கள் அம்மாவைப் போலக் கிண்ணம் நீட்டுகிறவர்கள் வேறு வீடுகளிலும் இருந்தார்கள். வெறுங்கையோடு கோயிலுக்குப் போக ஒருத்திக்கும் மனம் இல்லை. நான் புறப்படும்போது அம்மா வண்டிப் பக்கம் வந்து நின்று, "எனக்க பேர மாத்திரம் எழுதிப் போடாத மக்கா" என்றாள்.

விடுதிக்குத் திரும்பியதும் அவளிடம் இதைச் சொன்னேன். முதல் தடவையாக அவள் ஒன்றும் கேட்காமல் முழுக்கக் கேட்டாள். அம்மா சொன்னதையும் சொன்னேன்.

"பேரு எதுக்கு? எந்த மாசம், எப்பிடிப்பட்ட வீடு, நீ எங்க இருந்து பாத்தா, அது போதும். படிக்கவளுக்கு ஒனக்க அம்மைய காட்டண்டாம். ஒனக்க கண்ணு எங்க இருந்துன்னு காட்டு."

திரும்ப எழுதினேன். ஒவ்வொரு முறை அவள் கைக்குப் போய் வரும்போதும் என் தலைப்புச் சுருங்கியது. திருவிதாங்கூர் போய் நாஞ்சில் நாடு ஆயிற்று. "நாஞ்சில் நாடு முழுக்க நடந்தியா?" என்றாள். எங்கள் ஊர் ஆயிற்று. "ஊருல எல்லா வீட்டுலயும் இருந்தியா?" கடைசியில், 'ஓர் ஊரில் சில அடுப்படிகளில் மார்கழி மாதம் பார்த்தது' என்று வந்து நின்றது. மற்றவர்கள் மகாராஜாக்களையும் கோட்டைகளையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தில் தலைப்பை வாசித்தபோது இரண்டு பேர் சிரித்ததைப் பார்த்தேன். கண்.

ஆனால் ஓரத்தில் வாய்கள் மறைந்து கண்களாக வந்துகொண்டிருந்தன. அதை ரகசியமாக எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

இதற்கிடையில் அவள் கட்டுரை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. விடுதியில் பாதிப் பேருடைய கட்டுரைகளில் அவளுடைய சிவப்புப் படங்கள் இருந்தன. திட்டிக்கொண்டே எல்லாரும் அவளிடம்தான் கொடுத்தார்கள். அவள் எடுத்துக்கொண்டது அவள் ஊர்ப் பொழிமுகம். ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் மேடு அடைத்துக்கொள்ளும். மழைக் காலத்தில் உடையும். எந்தப் பக்கமாக உடைகிறது, தானாக உடைகிறதா, ஆள் வெட்டுகிறார்களா, அதனால் வள்ளக்காரர்களுக்கு என்ன என்பது விஷயம். நல்ல விஷயம். விடுமுறைகளில் மணலில் நின்று அளந்து வந்தவற்றை எனக்குக் காட்டியிருக்கிறாள். ஆனால் பொழி உடைகிற மாதங்களில் கல்லூரி நடக்கிறது. அதை அவள் பார்த்ததில்லை.

கடைசி வாரத்தில் நான் கேட்டேன். "எழுதி முடிச்சியா?"

"பொழி ஒடையுகத நான் காணல."

"கண்டவங்ககிட்ட கேட்டது இருக்குல்லா? அத எழுது. பக்கத்துல காதுன்னு போட்டுக் குடு."

"கெழடுக ஒண்ணு வடக்கன்னு சொல்லுது, ஒண்ணு தெக்கன்னு சொல்லுது."

"அதையே எழுது! ரெண்டு விதமா சொல்லுகாவ, எனக்குத் தெரியலன்னு எழுது."

அவள் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு கோபத்தை அவளிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை. "எனக்குத் தெரியலன்னா? நானா?"

அங்கேதான் எனக்குப் புரிந்தது. எங்கள் எல்லாருடைய வாய்களையும் சிவப்பில் வரைந்தவளுக்குத் தன் தாளில் ஒரு காது வரையக்கூட மனம் வரவில்லை. அடிவரைக்கும் கையை விட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டையையும் கொடுக்கமாட்டாள். அவளோடு போட்ட சண்டையிலெல்லாம் பெரிய சண்டை அன்றுதான். நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருந்தும் என் கட்டுரையின் கடைசிப் படியை அவள்தான் வாசித்தாள். கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின காலை. எல்லாம் கண்களும் காதுகளுமாக இருந்தது. கடைசி வாக்கியத்துக்கு வந்தாள். 'சபையைச் சேராத பக்கத்து வீட்டார் இந்த அரிசியை மனமகிழ்ச்சியோடு கொடுக்கிறார்கள்.' எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது. அதோடு முடித்தால்தான் கட்டுரை அழகாக முடியும்.

பென்சில் நின்றது. மெதுவாக ஒரு வாயை வரைந்தாள்.

"இத விட்டுருட்டி" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "நாளைக்குக் குடுக்கணும்."

"மகிழ்ச்சின்னு எப்பிடித் தெரியும்? நீ வேலிக்கு இந்தப் பக்கம் இருந்துதான பாத்தா? நீ கண்டது ஒரு கை."

ஊருக்குப் போய் வர நாள் இல்லை. வாக்கியத்தை அடித்தால் முடிவு மொட்டையாக நிற்கிறது. வைத்தால் அந்த வாய் என் கண்ணை விட்டுப் போகப்போவதில்லை. காலம் கேட்டு ஆசிரியையிடம் போகலாமா என்று நினைத்தேன். அப்போது எதிர்க் கட்டிலில் மடியில் வெற்றுத் தாள்களோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். காலம் கேட்டால் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.

வாக்கியத்தை அடித்துவிட்டு அந்த இடத்தில் இப்படி எழுதினேன். 'கொடுக்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நான் இன்னும் போகவில்லை.'

அதை அவளிடம் காட்டவில்லை. நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவள் ஒன்றும் கொடுக்கவில்லை. பரீட்சை எழுதிவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். போகும்போது அந்தத் துண்டுப் பென்சிலை என் மேஜையில் வைத்திருந்தாள். மறந்து வைத்தாளா, எனக்கென்று வைத்தாளா என்று தெரியாது. கேட்க ஆள் இல்லை.

ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். கட்டுரை அவர் கையில் இருந்தது. கடைசி வரியின் கீழ் கோடு போட்டிருந்தார். "உன் பெயரைச் சென்னைக்கு அனுப்புகிறேன். ஆனால் அங்கே உன்னை நேரில் அழைத்துக் கேட்பார்கள். இந்த வரியைப் படிக்கிற எவரும் கேட்கப்போகிற கேள்வி ஒன்றுதான். போனாயா என்று. பதிலோடு போ" என்றார்.

ஊருக்கு வந்தேன். செய்தியை அம்மாதான் உபதேசியாரிடம் சொன்னாள். "பிடியரிசியப் பத்தி எழுதினாளாம்" என்று அவர் அப்பாவிடம் கேட்டார். "அதுல எழுதுகதுக்கு என்ன கெடக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?" எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா இருமினாள்.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. கும்பப்பூ அறுப்பில் வந்த கூலி நெல் தீர்ந்து வீட்டில் மறுபடியும் மரச்சீனி வேகத் தொடங்கியது. ஆனி பிறந்தது. சென்னையிலிருந்து அழைப்பும் வந்துவிட்டது. அவள் தினமும் ஆற்றுமுகத்தில் போய் நிற்கிறாள் என்றும், வாப்பா திட்டியும் கேட்கவில்லை என்றும், மழை வரட்டும் என்று காத்திருக்கிறாள் என்றும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கோட்டாற்றுக்கு வந்துபோகிற ஒரு துணி வியாபாரி சொன்னார். காது.

இன்று சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டதும் தெருவழியாகச் சுற்றி அந்த வீட்டுக்குப் போனேன். அன்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிண்ணத்தை வாங்கிய மாமி உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளே, வழி தெத்தி வந்திருக்கா? வேலிக்கு அந்தாலதான உங்க வீடு?"

கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. சனிக்கிழமை அரிசி கொடுப்பது சந்தோஷமாகத்தானா என்று.

மாமி களைந்த தண்ணீரைக் கொட்டினாள். "அரிசி குடுக்கதுல என்னட்டி சந்தோசம்? ஒனக்க அம்ம வேலியில வந்து நிப்பா. வாய் தொறந்து கேக்கமாட்டா. அவள அங்கின நிக்க விட்டுக்கிட்டு நான் இங்கின உலை வைக்க முடியுமா? சில நாளு எரிச்சலும் வரும். எனக்க பிள்ளையளுக்கும் அரிசி வேண்டாமா? என்ன, எழுதுகியா? எழுது, எழுது. சந்தோசம்னு மாத்திரம் எழுதாத."

எழுதினேன். பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு காது வரைந்தேன். அவள் வரைவதைப் போல வரவில்லை.

"கெளம்பலியா?" என்றாள் மாமி.

"இல்ல மாமி. கொஞ்சம் இருக்கேன்."

அடுப்பங்கரையில் சுவரில் சாய்ந்து, கொல்லைக் கதவு தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். வேலி தெரிகிறது. வெயில் இன்னும் இறங்கவில்லை. இறங்கியதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெண்கலக் கிண்ணம் வரும்.